படைவீரர் நினைவேந்தல் நிகழ்ச்சி நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுச்சேரியிலும் அதை ஒட்டிய கடலூர் மாவட்டச் சிற்றூர்களிலும் குடியிருப்போர் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள், பள்ளி முன்னாள் மாணவர்கள் எனப் பலர், தம் ஊரிலிருந்து படைக்குப் போய்த் திரும்பியவர்களையும் திரும்பாதவர்களையும் நினைவுகூர்ந்து நிகழ்ச்சி நடத்தத் தொடங்கியிருக்கிறார்கள். நான் ஒரு ஹவில்தாரின் மகன். இத்தகைய நிகழ்ச்சிகளில் என் வேலை பெரும்பாலும் அழைப்பிதழில் பிழை திருத்துவதும் பெயர்ப் பட்டியலை வாசிப்பதும்தான். ஆனால் அதைச் செய்யப் போகிற இடமெல்லாம் அதே ஐயங்களைக் கேட்டுக் கேட்டு, ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தந்திருக்கிறேன்.

எந்தத் தேதியில வைக்கிறது? ஆளுக்கு ஒரு தேதி சொல்றாங்களே?

எல்லோரும் சொல்வது சரியான தேதிதான். ஒவ்வொன்றின் பொருளும் வேறு. ஜூலை 26 கார்கில் வெற்றி நாள். 1999-ல் முடிந்த அந்தப் போரில் இந்தியப் படையினர் 527 பேர் உயிரிழந்தனர். டிசம்பர் 7, 1949 முதல் கொடி நாளாக இருந்து வருகிறது. அது முதன்மையாக நிதி திரட்டும் நாள். டிசம்பர் 16, 1971-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததை ஒட்டிய வெற்றி நாள். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள்; இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா 1953-ல் அன்றுதான் ஓய்வு பெற்றார். ஜனவரி 30 காந்தியடிகள் மறைந்த நாள். அன்று காலை 11 மணிக்கு நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்படுகிறது. இவற்றோடு புதுச்சேரிக்கென்று இரண்டு பிரெஞ்சுத் தேதிகளும் உண்டு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் ஊரில் ஒருவர் வீரமரணம் அடைந்திருந்தால், அவர் இறந்த நாளே ஏற்ற நாள் என்பது என் கருத்து. அந்த நாளைக் குடும்பம் எப்படியும் கடந்துதான் தீர வேண்டும். ஊரும் கூட நின்றால் அது வேறு மாதிரி இருக்கும். அப்படி யாரும் இல்லாத ஊருக்கு ஜூலை 26 வசதியானது. பள்ளிகள் திறந்திருக்கும், மழையும் பெரிதாக இராது.

ஜனவரி 14 பொங்கல் ஆச்சே, யார் வருவாங்க?

வரமாட்டார்கள். போகியும் பொங்கலுமாக வீடு நிறைந்திருக்கும் நேரத்தில் நாற்காலிகள்தான் வந்து அமர்ந்திருக்கும். ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு: பணியில் இருப்பவர்கள் பலர் விடுப்பில் ஊருக்கு வருவது அந்த வாரத்தில்தான். காணும் பொங்கலன்று மாலை ஊர்ப் பொதுவிடத்தில் அரைமணி நேரம் எளிமையாக நடத்திய ஓர் ஊரில், நான் பார்த்ததிலேயே அதிகக் கூட்டம் இருந்தது.

டிசம்பரில வைக்கலாம்னா மழை பயமா இருக்கே?

பயப்பட வேண்டியதுதான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலும் நம் கரையைத்தான் தேடி வந்தன. நவம்பர், டிசம்பரில் நடத்துவதாக இருந்தால் சாமியானாவை நம்பாமல் கூரையுள்ள மண்டபம் ஒன்றை மாற்றிடமாகப் பேசி வையுங்கள். அழைப்பிதழிலேயே அந்த மாற்றிடத்தையும் அச்சிட்டுவிடுங்கள். வயதான படைவீரர்கள் மழைக்காக வராமல் இருப்பவர்கள் அல்லர். குறித்த நேரத்துக்கு வந்து நனைந்துகொண்டு நிற்பார்கள். சிக்கலே அதுதான்.

உயிரோட இருக்கிறவங்களைப் பாராட்டுறதையும் இறந்தவங்களுக்கு அஞ்சலி செலுத்துறதையும் ஒரே மேடையில செய்யலாமா?

செய்யலாம், ஆனால் கலக்கக் கூடாது. முதலில் அஞ்சலி, பிறகு சிறிது இடைவெளி, அதன் பிறகு பாராட்டு என்று வரிசை இருக்க வேண்டும். பாராட்டு என்றால் கைதட்டல், பொன்னாடை, புகைப்படம், கொஞ்சம் சிரிப்பு எல்லாம் வரும். அது முடிந்த கையோடு மௌனமாக நில்லுங்கள் என்றால் கூட்டத்தால் முடியாது. அஞ்சலி முடிந்ததும் பெரிய படத்துக்கு முன்னால் இருக்கும் விளக்கை அணைக்காமல், மேடையின் மறுபுறத்துக்கு நிகழ்ச்சியை நகர்த்திவிடுவது நல்ல முறை.

பழைய பட்டாளத்துக்காரர்கள் பலர் தமக்குப் பாராட்டு என்றால் கூச்சப்படுவார்கள். "போனவனைப் பத்திப் பேசுங்க, நான்தான் திரும்பி வந்துட்டேனே" என்று ஒரு முன்னாள் நாயக் மேடையேற மறுத்தார். அவரை வற்புறுத்தாமல் பெயர்ப் பட்டியலை வாசிக்கச் சொன்னோம், உடனே ஒப்புக்கொண்டார்.

ஃபிளெக்ஸில 'தியாகி'ன்னு போடவா, 'வீரமரணம் அடைந்தவர்'னு போடவா?

'வீரமரணம் அடைந்தவர்', 'நாட்டுக்காக உயிர்நீத்தவர்' என்பவை பொருத்தமானவை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 'தியாகி' என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் விடுதலைப் போராட்ட வீரர். 'தியாகிகள் ஓய்வூதியம்' என்பதும் அவர்களுக்கு உரியதே. படைவீரருக்கும் அதே சொல்லைப் போட்டால், பத்தாண்டு கழித்துப் படிப்பவர் குழம்புவார்.

ஆங்கிலத்தில் 'மார்டைர்' என்று எழுதுவதையும் தவிர்க்கலாம். கொள்கையையோ மதத்தையோ கைவிட மறுத்ததற்காகக் கொல்லப்பட்டவரைக் குறிக்கும் சொல் என்பதால், அது படைவீரருக்குப் பொருந்தாது என்று தரைப்படைத் தலைமையகமே 2022-ல் தன் பிரிவுகளுக்கு எழுதியது. 'அமரர்' என்ற சொல்லில் தவறில்லை, ஆனால் அதை நாம் எல்லோருக்கும் போடுகிறோம்.

கடற்கரையில இருக்கிற பிரெஞ்சு நினைவுச் சின்னத்துக்குள்ள நாங்க போய் மாலை போடலாமா?

கூபேர் கடற்கரைச் சாலையில் உள்ள அந்த நினைவுச் சின்னம் 1914-1918 போரில் உயிர்நீத்த பிரெஞ்சிந்தியப் போர்வீரர்களுக்காக எழுப்பப்பட்டு 1938-ல் திறக்கப்பட்டது. மற்ற நாள்களில் கதவு பூட்டியிருக்கும். சுற்றுலாப் பயணிகள் கம்பிக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொள்வதோடு சரி. பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 அன்றும், முதல் உலகப் போர் முடிந்த நவம்பர் 11 அன்றும் அங்கே மலர்வளையம் வைக்கப்படும். பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தாரும் நம் அரசுப் பிரதிநிதிகளும் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழர்களும் கலந்துகொள்ள, இரு நாட்டுப் பண்களும் இசைக்கப்படும். ஜூலை 13 இரவு விளக்கேந்திய ஊர்வலம் வருவதைச் சிறுவயதில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

உங்கள் சங்கம் தனியாக அங்கே நிகழ்ச்சி நடத்த வேண்டுமானால் முன்கூட்டியே எழுத்தில் இசைவு பெற வேண்டும். அதைவிட, அந்த இரண்டு நாள்களில் ஒன்றில் அவர்களோடு சேர்ந்து நின்றுவிட்டு வருவது எளிது. அதே சாலையில் உள்ள கார்கில் நினைவிடத்தில் ஜூலை 26 அன்று அரசு சார்பில் அஞ்சலி நடக்கும். அதிலும் இதே முறையைக் கையாளலாம். சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகள் ஓடாது என்பதால், விடியற்காலையில் நடத்துவோருக்கு அமைதியும் கிடைக்கும். நடக்க முடியாத முதியவர்களை எப்படி அழைத்து வருவது என்பதை மட்டும் காவல்துறையிடம் முன்பே பேசிவிடுங்கள்.

எங்க தாத்தா 'சொல்தா'. அவரை இந்திய முன்னாள் ராணுவத்தினர் வரிசையில உட்கார வைக்கலாமா?

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம்: பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குபவரைப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் 'சொல்தா' என்று அழைப்பது வழக்கம், படைவீரர் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் அது. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி நடைமுறையில் இந்தியாவுக்கு மாறி, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி கைமாறிய பிறகு, ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள மக்களுக்கு வாய்ப்பு இருந்தது. அப்படித் தேர்ந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பிரெஞ்சுப் படையில் தொடர்ந்தார்கள். அதற்கு முன்பே இந்தோசீனாவுக்குப் போய்ச் சண்டையிட்டவர்கள் உண்டு.

சட்டப்படி 'முன்னாள் படைவீரர்' என்ற பெயர் இந்திய முப்படைகளில் பணியாற்றியவர்களுக்கு உரியது. ஆனால் ஊர் நடத்தும் நிகழ்ச்சி சட்டப் பட்டியல் அன்று. உங்கள் தாத்தாவை முதல் வரிசையில் உட்கார வையுங்கள். அறிவிக்கும்போது "பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவரும் அதையே விரும்புவார். மறைத்துச் சொன்னால்தான் அவமானம். அவர் நீலமும் வெள்ளையும் சிவப்புமான நாடா கொண்ட பதக்கத்தோடு வந்தால், எந்த நாட்டுப் பதக்கம் என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கத்தான் செய்வார். அதிலிருந்து நல்ல பேச்சு ஒன்று தொடங்கும்.

நிகழ்ச்சி நிரல் எப்படி இருக்கணும்? ஒரு மாதிரி குடுங்களேன்.

தமிழ்த்தாய் வாழ்த்து, ஓரிரு நிமிட வரவேற்பு, பெயர் வாசிப்பு, மலர்வளையம், பியூகிள் (படைகளில் ஊதும் சிறு எக்காளம்), மௌனம், மீண்டும் பியூகிள், நாட்டுப்பண். இவ்வளவுதான் அஞ்சலிப் பகுதி. இருபது நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். பாராட்டும் உரைகளும் பின்னர் வரலாம்.

பெரும்பாலான நிகழ்ச்சிகள் கெடுவது உரைகளால்தான். பெயர் வாசிப்புக்கு முன்னால் ஒருவரையும் பேச விடாதீர்கள். வரவேற்பாளர் மேடையில் இருப்பவர்களின் பெயரைப் பட்டங்களோடு பத்து நிமிடம் சொல்லிவிட்டு, உயிர்நீத்தவரின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த இடம், ஆண்டு ஆகியவற்றைச் சொல்லி, மனத்துக்குள் ஐந்து எண்ணிவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள்.

பெயரை எப்படிச் சரிபார்க்கிறது? ஆதார்ல ஒண்ணு, பட்டாளத்து ரெக்கார்டுல ஒண்ணு இருக்கே?

படை ஆவணங்களில் தமிழ்ப் பெயர்கள் பலவாறு திரிந்திருக்கும். முன்னெழுத்து பின்னால் போயிருக்கும், 'ழ' காணாமல் போயிருக்கும், அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். நிகழ்ச்சியில் வாசிக்க வேண்டியது வீட்டில் அழைத்த உருவத்தைத்தான். கல்வெட்டாகப் பொறிப்பதாக இருந்தால் மட்டும் ஆவண உருவத்தோடு ஒத்துப்போகுமாறு எழுதி, குடும்பத்தாரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓர் ஆண்டு நான் ஒரு பெயரின் முன்னெழுத்தை மாற்றி வாசித்துவிட்டேன். கூட்டத்தில் இருந்த அவருடைய அம்மா எழுந்து, சரியான பெயரைச் சத்தமாகச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி வாசித்தேன். அன்றிலிருந்து முதல்நாள் மாலையே ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பட்டியலைப் படித்துக் காட்டிவிடுகிறேன்.

மௌன அஞ்சலி ஒரு நிமிஷமா, ரெண்டு நிமிஷமா?

ஜனவரி 30-ல் அரசு கடைப்பிடிப்பது இரண்டு நிமிடம். உலகப் போர் நினைவு நாளில் 1919 முதல் பிரிட்டனில் கடைப்பிடித்து வருவதும் இரண்டு நிமிடம்தான்; பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு நிமிடம். இரண்டில் எதையும் தேர்ந்துகொள்ளலாம், ஆனால் கடிகாரம் பார்த்து முழுமையாக நில்லுங்கள். 'ஒரு நிமிட மௌனம்' என்று அறிவித்துவிட்டு இருபது நொடியில் "நன்றி, அமரலாம்" என்பது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். கைக்குழந்தை அழுதால் தாயை வெளியே போகச் சொல்லாதீர்கள்.

பியூகிள் ஊத ஆள் கிடைக்கலை. செல்போன்ல போடலாமா?

முதலில் அருகிலுள்ள கல்லூரியின் என்.சி.சி. பிரிவைக் கேட்டுப் பாருங்கள். மௌனத்துக்கு முன் 'லாஸ்ட் போஸ்ட்', மௌனம் முடிந்ததும் 'ரௌஸ்' என்று இரண்டு இசைகள் உண்டு. பாசறையில் நாள் முடிவதை அறிவிப்பது முதலாவது, துயிலெழுப்புவது இரண்டாவது. ஆள் கிடைக்காவிட்டால் பதிவு செய்ததை ஒலிபரப்பலாம், தவறில்லை. செல்பேசியை விமானப் பயன்முறையில் வைத்துவிட்டுப் போடுங்கள். நடுவில் கடன் தருவதாக அழைப்பு வந்த நிகழ்ச்சி ஒன்றில் நானே இருந்தேன். நம் ஊர் நாகசுரத்தில் மென்மையாக ஓர் இசையை வாசித்தாலும் பொருந்தும். கூட்டத்துக்கு அது இன்னும் நெருக்கமாக இருக்கும்.

தேசியக் கொடியை அரைக்கம்பத்துல பறக்க விடலாமா? படத்துக்கு மேல போர்த்தலாமா?

இரண்டையும் செய்யக் கூடாது. அரசு ஆணையிட்ட நாள்களில் தவிர, கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவமதிப்பாகக் கருதப்படும். கொடியைப் போர்வையாகப் பயன்படுத்துவது அரசு மரியாதையோடும் படை மரியாதையோடும் நடக்கும் இறுதிச் சடங்குகளுக்கு மட்டுமே உரியது. அங்கும் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க, தகனத்துக்கோ அடக்கத்துக்கோ முன்பே கொடியை எடுத்துவிடுவார்கள். மேசைவிரிப்பாகவோ, திறந்துவைக்கப் போகும் சிலையை மூடவோ பயன்படுத்துவதும் கூடாது.

நீங்கள் செய்யக்கூடியது, கொடியை முழுக் கம்பத்தில் ஏற்றி நாட்டுப்பண்ணை 52 நொடியும் முழுமையாகப் பாடுவது. கொடி ஏற்றும்போது உள்ளே பூவிதழ் வைத்து மடிக்கலாம், அதற்குத் தடையில்லை. குடும்பத்தாரிடம் இறுதிச் சடங்கில் ஒப்படைக்கப்பட்ட கொடி இருந்தால், மடித்த நிலையிலேயே தட்டில் வைத்துப் படத்தின் அருகில் வைப்பது கண்ணியமாக இருக்கும். அதற்கு அவர்கள் சம்மதம் வேண்டும்.

சல்யூட் யார் அடிக்கலாம்?

பணியில் உள்ளவர்களும் முன்னாள் படைவீரர்களும் மட்டும் செய்வது நல்லது. தலையில் தொப்பியோ தலைப்பாகையோ இல்லாதபோது கை உயர்த்துவது நம் படைகளில் வழக்கமில்லை என்பதால், வெறுந்தலையோடு வரும் முன்னாள் வீரர்கள் விறைப்பாக நிற்பார்கள். அதுவே அவர்களுடைய வணக்கம். மற்றவர்கள் மலர்வளையத்தை வைத்துவிட்டு ஓரடி பின்வாங்கி, கைகூப்பித் தலைதாழ்த்தினால் போதும். செருப்பைக் கழற்றுவதா என்றும் கேட்பார்கள். படைமரபில் அப்படி இல்லை, ஆனால் நம் ஊரில் கழற்றத் தோன்றினால் கழற்றலாம்.

அப்பாவோட மெடலை நான் குத்திக்கலாமா?

அஞ்சலி நிகழ்ச்சிகளில் அணியலாம். பதக்கம் பெற்றவர் தன் பதக்கத்தை இடப்பக்கம் அணிவார்; அவர் சார்பில் குடும்பத்தார் அணிந்தால் வலப்பக்கம். இந்த ஒரு வேறுபாட்டைப் பார்த்தே பழைய வீரர்கள் உங்களிடம் வந்து "யாரோட மெடல்பா?" என்று கேட்பார்கள்.

பதக்கம் இல்லாதவர்கள் கொடி நாள் சின்னத்தைக் குத்திக்கொள்ளலாம். அதில் உள்ள சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் ஆகியவை முறையே தரைப்படை, கடற்படை, வான்படையைக் குறிக்கும்.

கற்பூரம் ஏத்தி, தேங்காய் உடைச்சு, படையல் போடலாமா?

நினைவேந்தல் என்பது வெள்ளைக்காரர் கொண்டுவந்த மலர்வளையத்தோடு நமக்குத் தொடங்கியதன்று. போரில் பட்டவனுக்குக் கல்லெடுத்து, நீராட்டி, நட்டு, படைத்து, வாழ்த்துவதைத் தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைத்ததைச் சங்கப் பாடல்களில் பார்க்கிறோம். எனவே படையல் கூடாது என்று சொல்ல எனக்கு வாயெழவில்லை.

ஆனால் பொது நிகழ்ச்சியில் பல சமயத்தார் நிற்பார்கள். பட்டியலில் உள்ளவர்களும் பல சமயத்தவராக இருப்பார்கள். பொதுமேடையில் விளக்கும் பூவும் மட்டும் இருக்கட்டும். படையலையும், பிறருக்குரிய வழிபாடுகளையும் அந்தந்தக் குடும்பம் தன் முறைப்படி வீட்டில் செய்துகொள்ளட்டும். கேண்டீன் ரம் பாட்டில் ஒன்றைப் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று ஒரு நண்பர் குழு பிடிவாதம் பிடித்தது. சங்கப் பாடலை மேற்கோள் காட்டாமல் அவர்களை அடக்குவது எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

அவர் மனைவியை விளக்கேத்தச் சொல்லலாமா? ஊர்ல ஒரு மாதிரி பேசுவாங்களே?

ஏற்றச் சொல்ல வேண்டும். அவர் இருக்கும்போது வேறு யாராவது ஏற்றுவதுதான் விந்தை. கணவரை இழந்தவர் மங்கல விளக்கைத் தொடக் கூடாது என்ற வழக்கத்தைக் கைவிட, அவருடைய கணவரின் பெயரால் நடக்கும் நிகழ்ச்சியைவிடப் பொருத்தமான இடம் எங்கே இருக்கிறது?

ஆனால் முன்கூட்டியே வீட்டில் போய்க் கேளுங்கள், மேடையில் திடீரென அழைக்காதீர்கள். சிலர் தயங்குவார்கள், சிலருடைய மாமியார் தயங்குவார். மாமியாரையும் மருமகளையும் சேர்ந்து ஏற்றச் சொன்ன ஓர் ஊரில் சிக்கல் தீர்ந்தது. மறுமணம் செய்துகொண்டவராக இருந்தால், அழைப்பதா வேண்டாமா என்று ஊர் இரண்டுபடும். அழைக்கலாமா என்று அவரிடம் மட்டும் கேட்டால் போதும், ஊரிடம் கேட்க ஒன்றுமில்லை. 'விதவை' என்ற சொல்லை ஒலிபெருக்கியில் பயன்படுத்தாதீர்கள். படையில் 'வீர் நாரி', அதாவது வீரப் பெண்மணி, என்கிறார்கள். நாம் 'இன்னாரின் துணைவியார்' என்று பெயர் சொல்லி அழைத்தாலே போதும்.

குடும்பத்துக்குப் பணம் குடுக்கலாமா?

கொடுக்கலாம், மேடையில் வேண்டாம். உறையைக் கையில் கொடுத்துக் கேமராவைப் பார்க்கச் சொல்வது அவர்களைக் கூச வைக்கும். பொதுவாக நிதி திரட்டுவதாக இருந்தால் கொடி நாள் நிதியாகவே கொடுத்துவிடலாம். கடலூரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் புதுச்சேரியில் அரசின் சைனிக் நலத்துறையும் அதைப் பெற்றுக்கொண்டு ரசீது தரும். ரசீது இல்லாமல் வீடு வீடாக வசூலிக்கக் கிளம்பும் 'சங்கங்களை' ஊருக்குள் விடாதீர்கள்.

தமிழ்த்தாய் வாழ்த்து எதைப் பாடணும்?

கடலூர்ப் பக்கம் என்றால் மனோன்மணீயம் சுந்தரனார் எழுதியது, புதுச்சேரி என்றால் பாரதிதாசன் எழுதியது. எல்லையோர ஊர்களில் ஒலிபெருக்கிக்காரர் எந்த ஊர்க்காரரோ அந்தப் பாட்டு ஒலித்துவிடும் என்பதால் முன்பே சொல்லி வையுங்கள்.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., போலீஸ்ல இறந்தவங்களையும் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டும். புல்வாமாவில் 2019 பிப்ரவரி 14-ல் இறந்த 40 பேரும் சி.ஆர்.பி.எஃப். படையினர்தான். நலத்திட்டங்களில் அவர்கள் முப்படையினரோடு சேர்த்து எண்ணப்படுவதில்லை. அதனால் முறையீடுகளும் உண்டு. அந்த வேறுபாட்டை ஊர் நிகழ்ச்சிக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. காவல்துறைக்கென்று அக்டோபர் 21 இருக்கிறது. 1959-ல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையால் கொல்லப்பட்ட 10 காவலர்களின் நினைவு நாள் அது.

எங்க அண்ணன் சண்டையில சாகலை, லடாக்ல மூச்சுத்திணறி இறந்தாரு. பட்டியல்ல சேர்ப்பீங்களா?

படையில் இதற்குத் தனித்தனி வகைப்பாடு உண்டு. போர்ச் சாவா, பணியின்போது நேர்ந்த சாவா என்பதைப் பொறுத்துக் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகையே மாறும். அந்த வகைப்பாட்டை நாம் மாற்ற முடியாது. ஆனால் நம் பட்டியலின் தலைப்பை 'பணியில் உயிர்நீத்தவர்கள்' என்று வைத்துவிட்டால் அவர் இயல்பாக அதில் வந்துவிடுவார். 'போரில் வீரமரணம்' என்று தவறாகச் சேர்ப்பது, பெருமை சேர்ப்பதாக நினைத்துச் செய்யும் தீங்கு. உண்மை தெரிந்த அவருடைய படைத் தோழர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் குடும்பம்தான் தலைகுனியும். விடுப்பில் வந்தபோது விபத்தில் இறந்தவரையும், தற்கொலை செய்துகொண்டவரையும் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். குடும்பம் விரும்பினால் அவர்கள் பெயரையும் நான் வாசிப்பேன், இடமும் ஆண்டும் மட்டும் சொல்லி.

எங்க கொள்ளுத்தாத்தா ஐ.என்.ஏ.வில இருந்தவர். அவரை எதிலே சேர்க்கிறது?

இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாவிலிருந்த தமிழர்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தார்கள். அரசு அவர்களை விடுதலைப் போராட்ட வீரர்களாக ஏற்றுக்கொண்டது. ஆகவே 'தியாகி' என்ற சொல் இவருக்குப் பொருந்தும். சிக்கல் என்னவென்றால், 1944-ல் இம்பால் பக்கம் அவர்கள் எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் தமிழர்கள் இருந்தார்கள். ஒரே ஊரில் இரண்டு தரப்பின் பேரர்களும் இருப்பார்கள். தனித்தனித் தலைப்பில், ஆண்டு வரிசையில் வாசித்துவிடுங்கள். யார் செய்தது சரி என்று மேடையில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 1940 செப்டம்பரில் பிரெஞ்சிந்தியா, ஜெர்மனியிடம் பணிய மறுத்துப் போரைத் தொடர்ந்த பிரெஞ்சுத் தளபதி தெ கோலின் பக்கம் சேர்ந்துகொண்டதால், புதுச்சேரிக் குடும்பங்களில் மூன்றாவது தலைப்பும் தேவைப்படலாம்.

இலங்கைக்குப் போன அமைதிப்படையில இறந்தவரைப் பத்திப் பேசினா சிலர் முகம் சுளிக்கிறாங்களே, என்ன செய்றது?

இதுதான் நான் சந்தித்ததில் மிகக் கடினமான கேள்வி. 1987 முதல் 1990 வரை அங்கே இருந்த இந்தியப் படையில் 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1987 நவம்பர் 25-ல் வீரமரணம் அடைந்து, போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் பெற்றவர். அவர்களுக்கு இலங்கையிலேயே, ஸ்ரீ ஜெயவர்த்தனபுர கோட்டையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. மறுபுறம், அந்தப் போரில் தமிழ்ப் பொதுமக்களும் உயிரிழந்தார்கள். நம் மாவட்டங்களில் உள்ள முகாம்களில் வாழும் ஈழத்தமிழர் சிலருக்கு அந்தச் சீருடை வேறு நினைவுகளைத் தரும். இரண்டும் உண்மை.

நான் பின்பற்றும் முறை இது: பெயர், பதவி, ஆண்டு, 'இலங்கையில்' என்ற இடக்குறிப்பு ஆகியவற்றை மற்றப் பெயர்களுக்குச் சொல்வது போலவே சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். அந்தப் போரைப் பற்றி ஆதரவாகவோ எதிராகவோ உரை கிடையாது. அனுப்பியவர்களின் முடிவுக்கு, போன இருபத்திரண்டு வயது சிப்பாயின் பெயரை விட்டுவிட்டுப் பழிதீர்க்க முடியாது. யாராவது எழுந்து வெளியே போனால் போகட்டும். அவர்களை ஒலிபெருக்கியில் கண்டிக்காதீர்கள்.

கட்சிக்காரங்க வந்தா துண்டு, கொடி, கோஷம் எல்லாம் வருமே?

வரும். சட்டமன்ற உறுப்பினரை அழைக்காமல் இருக்க முடியாது. அழைத்தால் நேரத்துக்கு வரமாட்டார். "அஞ்சலி சரியாக 7 மணிக்குத் தொடங்கும், யாருக்காகவும் காத்திருக்க இயலாது" என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிட்டுச் சொன்ன நேரத்துக்குத் தொடங்கினால், அடுத்த ஆண்டு அவர் முன்பே வந்துவிடுவார். மலர்வளையம் வைப்பதில் குடும்பத்தார் முதலில், முன்னாள் படைவீரர்கள் அடுத்து, மற்றவர்கள் அதன் பிறகு என்று வரிசையை எழுதி ஒட்டிவிடுங்கள். அரசு விழாக்களின் வரிசை வேறு மாதிரி இருக்கும். இது ஊர் விழா.

குடும்பத்தார் வர மாட்டேன்னு சொல்றாங்க. அவங்க இல்லாம நடத்தலாமா?

நடத்தலாம், அவர்கள் எதை வேண்டாம் என்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு. கூட்டத்தில் நிற்க முடியாது என்பவர்கள் உண்டு. பெயரை மட்டும் வாசியுங்கள், படம் வைக்காதீர்கள் என்பவர்கள் உண்டு. எதுவுமே வேண்டாம் என்பவர்களும் உண்டு. மூன்றாவது வகையினரின் சொல்லையும் அப்படியே ஏற்க வேண்டும். ஊருக்குப் பெருமை என்று வாதாடக் கூடாது.

நான் போகும் ஊர்களில் ஒன்றில் அப்படி ஒரு வீடு இருக்கிறது. அந்தப் பெயரை வாசிப்பதில்லை. ஆண்டுதோறும் அழைப்பிதழை மட்டும் கொண்டுபோய்த் திண்ணையில் இருக்கும் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வந்துவிடுவோம்.